மாயமும் படையும்: கம்பரின் யுத்த காண்டத்தில் தானை பெறும் இடம்

1. முன்னுரை

கம்பராமாயணத்தின் யுத்த காண்டத்தைத் தொடர்ந்து பயில்வார்க்கு ஓர் ஐயம் எழுதல் இயல்பு. வானில் மறைந்து நின்று ஒருவன் விடுத்த ஒரு படைக்கலத்தால் எழுபது வெள்ளம் வானரத் தானை நிலத்தில் வீழும் என்றால், அத்தானையைத் திரட்டியதனால் ஆய பயன் யாது? அத்தகைய மாயவலி படைத்த மைந்தன் தன்பால் இருப்பவும், இலங்கை வேந்தன் அரக்கர் சேனையை மேன்மேலும் களத்திற்கு விடுப்பது எதன் பொருட்டு? ஒருவனது ஆற்றல் பல்லாயிரவர் ஆற்றலை விழுங்கிவிடும் உலகில், படை என்பது வெறுங் காட்சிப் பொருளாகிவிடாதோ?

இதற்கு வழக்கமாகக் கூறப்பெறும் விடை ஒன்று உண்டு. காப்பியம் எனின் போர் வேண்டும். போர் எனின் படை வேண்டும். ஆதலின் புலவர் மரபு பற்றிப் படையைப் பாடினார். கதையை நடத்துவன வீரர் சிலரின் ஆற்றலும் தெய்வப் படைக்கலங்களுமே என்பது அவ்விடை. இக்கருத்துடையார் அணிவகுப்புப் படலத்தையும் படைத் தலைவர் வதைப் படலத்தையும் விரைந்து கடந்து, கும்பகருணனும் இந்திரசித்தும் உரையாடும் இடங்களில் மட்டும் நின்று சுவைப்பர். அவ்விடங்களின் சுவையை யாம் மறுக்கவில்லை. ஆயின், படையை விலக்கிப் படிப்பதனால் காண்டத்தின் கட்டுக்கோப்பே கண்ணுக்குப் புலப்படாமற் போகின்றது என்பது எம் கருத்து.

இவ்வினா தமிழுக்கு மட்டும் உரியதன்று. இக்காலத்து இளைஞர் பலர் கூடியமர்ந்து, ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று ஆடும் கற்பனை விளையாட்டுகளிலும் இதுவே பெருவழக்காய் எழும் வினா. அவ்வகை ஆட்டங்களுள் முதன்மையானது, 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகிய இருவர் ஆக்கி வெளியிட்ட 'டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்' என்பது. அதற்கு முன் 1971இல் வெளிவந்த 'செயின்மெயில்' என்னும் போர் விளையாட்டின் விதிநூலிலிருந்தே அது கிளைத்தது. அவ்விதிநூலின் இறுதியிற் சேர்க்கப்பட்ட கற்பனைப் பகுதியில், மந்திரவாதி எறியும் நெருப்புருண்டை பெருங்கவண் பொறியின் தாக்குதலுக்கும், அவன் விடுக்கும் மின்னல் பெரும் பீரங்கியின் தாக்குதலுக்கும் ஒப்பாக வைக்கப்பட்டன. மந்திரவாதி அங்கே படையின் ஓர் உறுப்பு. பின்னர் ஆட்டம் வளர வளர, அவ்வுறுப்பு உடலினும் பெரிதாயிற்று. அதன்பின், இத்தகையோர் வாழும் நாட்டில் அரசர் படை வைத்திருப்பது ஏன் என்று ஆடுவோர் வினவலாயினர். யுத்த காண்டத்தை முன்வைத்து யாம் எழுப்பிய வினாவும் ஈதே.

கம்பர் இவ்வினாவை அறியாதவர் அல்லர். அறிந்து, காண்டத்தின் அமைப்பிலேயே விடையும் வைத்துள்ளார் என்பதனை ஈண்டு நிறுவ முயல்வோம். மாயத்திற்கு வேண்டுவன காலமும் மறைவும். அவ்விரண்டையும் ஈட்டித் தருவதும் படை, பறித்து விடுவதும் படை. இதுவே அவ்விடையின் சாரம்.

2. பழந்தமிழ்ப் போர்மரபு

முதற்கண் கம்பர்க்கு முற்பட்ட தமிழ்மரபு இப்பொருளை எங்ஙனம் கருதிற்று என்று காண்டல் வேண்டும். தொல்காப்பியப் புறத்திணையியலும் புறப்பொருள் வெண்பாமாலையும் வகுக்கும் துறைகளை ஒருமுறை நோக்குக. ஆநிரை கவர்தல், மண்ணசையாற் செல்லுதல், மதில் முற்றுதல், மதில் காத்தல், எதிரூன்றிப் பொருதல் என விரியும் அத்துறைகளுள் மாயத்தால் வெல்லுதல் என்று ஒரு துறை இல்லை. விரிச்சி கேட்டல் உண்டு. கொற்றவையைப் பரவுதல் உண்டு. அவை வெற்றியை நாடி நிற்கும் வேண்டுதல்கள். வெற்றியை ஈட்டும் கருவிகள் அல்ல. வெண்ணியிலும் தலையாலங்கானத்திலும் வென்றவை யானையும் குதிரையும் மறவரின் வேலுமே.

திருவள்ளுவரும் இம்மரபினரே. படைமாட்சி, படைச்செருக்கு என்னும் இரண்டு அதிகாரங்களில், படைக்கு வேண்டும் உறுதி, மானம், தலைமை முதலியவற்றை வகுத்துரைக்கும் அவர், மாயவலி பற்றி ஒரு சொல்லும் கூறினாரில்லர். ஆயின், நீத்தார் பெருமையிலும் பெரியாரைப் பிழையாமையிலும் குணக்குன்றேறி நின்றாரது வெகுளியைத் தாங்குதல் அரிது என்றும், அன்னார் சினப்பின் வேந்தனும் அழிவான் என்றும் எச்சரிக்கின்றார். படையைப் பாடும் இடத்தில் அருளாற்றலையும், அருளாற்றலைப் பாடும் இடத்தில் படையையும் அவர் கலந்தாரில்லர் என்பது நோக்கத்தக்கது. இப்பாகுபாட்டின் பயன் பின்னர் விளங்கும்.

சொல்லாற்றல் படையைத் தடுக்க முயன்றமைக்குச் சங்க காலச் சான்று ஒன்று திருச்சிராப்பள்ளியிலேயே உளது. இன்றைய தில்லைநகரை அடுத்துள்ள உறையூரில் நெடுங்கிள்ளி மதிலடைத்து உள்ளிருப்ப, நலங்கிள்ளி புறத்தே முற்றியிருந்தான். கோவூர் கிழார் அவ்விடை நின்று பாடிய பாட்டு, புறநானூற்றின் 45ஆம் பாட்டு. பொருவார் இருவர் கண்ணியும் ஆத்தியே ஆதலின், எவர் தோற்பினும் தோற்பது சோழர் குடியே என்பது அதன் கருத்து. இங்கே ஒரு தனிமனிதரின் சொல் இரு படைகளுக்கு இடையே நிற்கின்றது. அஃது உலகியல் அறிந்து உரைத்த அறவுரையாதலின், கேட்பான் உளங்கொண்டாலன்றிப் பயன் தாராது. இதனின் வேறாய், கேளாதானையும் வீழ்த்தும் சொல்லாற்றல் காப்பியங்களிலும் புராணங்களிலும் இடம்பெறுகின்றது.

3. ஆற்றல் மூவகை

அவ்வாற்றலை ஒன்றெனக் கொண்டு மயங்குவதே இவ்வாராய்ச்சியில் நேரும் முதற்பிழை. தமிழ் நூல்களில் அது மூவகைப்படும்.

முதலாவது, தோற்றத்தை மட்டும் படைக்கும் இந்திரசாலம். இதற்குக் கலிங்கத்துப் பரணியினும் சிறந்த சான்று இல்லை. முதற் குலோத்துங்கன் காலத்தில் (1070–1120) கருணாகரத் தொண்டைமான் தலைமையிற் சென்ற படை கலிங்கத்தை வென்ற செய்தியைப் பாடும் அந்நூலில், இந்திரசாலம் என்றே ஒரு பகுதி உண்டு. இமயத்திற் கரந்துறைந்து மாயவித்தை கற்று மீண்ட முதுபேய் ஒன்று, காளியின் முன்னிலையில் குருதியும் பிணமும் நிறைந்த போர்க்களம் ஒன்றைத் தோற்றுவிக்கின்றது. பசியால் வாடிய பேய்கள் பாய்ந்து விழுந்து அள்ளுகின்றன. கையில் ஒன்றும் அகப்படவில்லை. இப்பகுதியை வெறும் நகைச்சுவை எனக் கழிப்பாரும் உளர். நூலின் அமைப்பை நோக்கின் அதன் பொருள் விளங்கும். இந்திரசாலத்துப் பின்னரே பேய்கள் தம் பசியை முறையிடுகின்றன. அதன் பின்னரே கலிங்கப் போர் நிகழ்கின்றது. போர்க்களத்திலேயே கூழ் அடப்பெறுகின்றது. மாயம் காட்டிய களம் ஒரு பேயின் வயிற்றையும் நிறைத்ததில்லை. தொண்டைமானின் படை செய்த களம் எல்லாப் பேய்களின் வயிற்றையும் நிறைத்தது. இவ்விரு களங்களையும் ஒரே நூலில் எதிரெதிர் நிறுத்திய சயங்கொண்டார், படையின் மெய்ம்மையை மாயத்தின் பொய்ம்மையால் விளக்கினார் என்க.

இரண்டாவது, அறம் பிழைத்தாரை ஒறுக்கும் தண்டம். உறையூர் மண்மாரியால் அழிந்த வரலாறு இதற்கு எடுத்துக்காட்டு. சாரமா முனிவர் சிராமலைப் பெருமானுக்கென வளர்த்த செவ்வந்தி மலர்கள் களவு போயின. அம்மலர்களை அரசன் ஏற்றான். முறையிட்ட முனிவரையும் பொருட்படுத்தானில்லை. முனிவர் இறைவனிடம் முறையிட, கிழக்கு நோக்கியிருந்த பெருமான் மேற்கே உறையூரை நோக்கித் திரும்பினார். மண் மழையாய்ப் பொழிந்தது என்பது செவ்வந்திப் புராணம் முதலியன தழுவிய தலமரபு. தாயுமானவர் சன்னிதி மேற்கு நோக்கியிருத்தற்கு இக்கதையே காரணமாகச் சொல்லப்பெறுகின்றது. இக்கதையில் சோழனிடம் படை இல்லாமலில்லை. ஆயினும் கதை அப்படையை ஒரு முறையேனும் நினைப்பதில்லை. நீதி வழங்கும் இடத்தில் படைக்கு வேலை இல்லை என்பதே காரணம். அவ்வாறே மதுரை எரியுண்டபோதும் பாண்டியன் சேனை களத்தில் இல்லை. பார்ப்பார், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், மூத்தோர், குழவி என்னும் இவரை விடுத்துத் தீத்திறத்தாரைச் சேர்க என்று எரிக்கு எல்லை வகுக்கின்றாள் கண்ணகி. எல்லை வகுத்து ஒறுப்பது நீதியின் இலக்கணம். போரின் இலக்கணம் அன்று.

இத்தண்டம் அழிக்குமேயன்றி ஆளாது என்பதும் கருதற்பாலது. மண்மாரிக்குப் பின் வீடிழந்த மக்கள் அடைந்த இடம் வெக்காளியம்மையின் திருமுன். மக்கள் அனைவர்க்கும் கூரை அமையும்வரை தனக்கும் கூரை வேண்டா என்று அம்மை வெயிலிலும் மழையிலும் இருப்பதாக மக்கள் நம்புகின்றனர். மதுரைக்குப் பின் கண்ணகிக்குக் கல் கொணர்ந்ததும் செங்குட்டுவனின் படையே. கனக விசயரோடு அவன் பொருத போர் பதினெண் நாழிகையில் முடிந்தது என்கின்றார் இளங்கோவடிகள். அழிவு ஒருவரின் ஆற்றலால் நிகழினும், அதன் பின்னுள்ள பணி பலரின் கைகளையே நாடுகின்றது.

மூன்றாவது, போரில் வென்றி கருதிக் கையாளும் மாயமும் தெய்வப் படைக்கலமும். இம்மூன்றனுள் படையோடு நேர்நின்று போட்டியிடுவது இஃது ஒன்றே. மணிமேகலை பெற்ற மந்திரங்கள் மூன்றாயினும், வேற்றுருக் கொள்ளவும் வான்வழிச் செல்லவும் பசி ஒழிக்கவும் அவை பயன்பட்டனவேயன்றிப் போருக்குப் பயன்படவில்லை. ஆதலின் மூன்றாம் வகையின் இயல்பைக் காண, யுத்த காண்டத்தையே நாட வேண்டியுள்ளது.

4. வரமும் வரம்பும்

யுத்த காண்டத்தின் தொடக்கத்தில், போர் முரசு ஒலிக்கு முன்னரே, இரணியன் வதைப் படலம் அமைந்துள்ளது. இராவணனுக்கு வீடணன் கூறும் அறிவுரையாக வரும் இப்பகுதி வான்மீகத்தில் இல்லாதது. கம்பர் தம் காப்பியத்தைத் திருவரங்கத்தில் அரங்கேற்றியபோது இப்பகுதி பற்றித் தடை எழுந்தது என்றும், மேட்டழகிய சிங்கர் முழங்கி அதனை ஏற்றருளினார் என்றும் கூறுவர். தாயார் சன்னிதிக்கு எதிரே கம்பர் மண்டபம் இன்றும் காட்டப்பெறுகின்றது. கம்பர் காலம் ஒன்பதாம் நூற்றாண்டோ பன்னிரண்டாம் நூற்றாண்டோ என்பதில் அறிஞரிடை வேறுபாடு உண்டு. அரங்கேற்ற வரலாற்றை மரபுச் செய்தி என்ற அளவிலேயே கொள்ளுதல் தகும். ஆயினும், இப்படலம் இராமகாதைக்கு வேண்டுவதோ என்ற வினா பழமையானது என்பதற்கு அச்செய்தி சான்றாகின்றது.

வேண்டுவதே என்பது எம் துணிபு. பத்திச் சுவைக்காகவே இப்படலம் சேர்க்கப்பட்டது என்பர். அதுவும் உண்மையே, ஆயின் முழுமையன்று. இரணியன் பெற்ற வரம் எத்தகையது? மனிதராலும் விலங்காலும் சாவு இல்லை. பகலிலும் இரவிலும் இல்லை. உள்ளும் புறமும் இல்லை. ஒன்றொன்றாக அடைத்துக்கொண்டே வந்த அவ்வரத்திற்கு அந்திப்பொழுது என்றும் வாயிற்படி என்றும் இடைவெளிகள் இருந்தன. எத்துணைப் பெரிய வரத்திற்கும் வரம்பு ஒன்று உண்டு என்பதனைப் போரின் வாயிலிலேயே இப்படலம் நிறுவி விடுகின்றது. பின்வரும் இந்திரசித்தின் வெற்றிகளையும் வீழ்ச்சியையும் இவ்விதியை மனங்கொண்டு படித்தல் வேண்டும். மாயத்தை எதிர்ப்பார் நாட வேண்டுவது அதனினும் பெரிய மாயத்தை அன்று; அதன் வரம்பை. அவ்வரம்பை அறிந்தவனாகிய வீடணன், இக்கதையைச் சொன்னவனே, பின்னர் எதிரணியில் நிற்கின்றான் என்பதும் கருதுக.

5. நாகபாசமும் பிரமாத்திரமும்

இந்திரசித்து இரண்டு முறை வானரப் படையை வீழ்த்துகின்றான். நாகபாசத்தை விடுத்த போது அவன் வானில் மறைந்து நிற்கின்றான். இலக்குவனும் வானரரும் கட்டுண்கின்றனர். கலுழன் வரவால் அக்கட்டு நீங்குகின்றது. வான்மீகத்தில் இராமனும் உடன் கட்டுண்கின்றான். கம்பரோ அவனை அப்போது களத்திற்குப் புறத்தே நிறுத்துகின்றார். படையின் தலைவன் ஒருவன் கட்டுக்கு அப்பால் இருத்தலால், அவன் துயரையும் சினத்தையும் பாட இடம் வாய்க்கின்றது.

பிரமாத்திரப் படலம் இன்னும் நுணுகி நோக்கற்பாலது. இலக்குவன் அயன்படையை விடுக்கக் கருதுகின்றான். உலகம் அழியும் என்று இராமன் தடுக்கின்றான். இந்திரசித்து அக்கருத்தை உணர்ந்து, தான் முந்திக் கொள்ளக் களத்தினின்றும் மறைகின்றான். ஒரே படைக்கலம் இருதிறத்தார்க்கும் கைவருவது. விடலாகாது என்ற கட்டுப்பாடு ஒரு திறத்தார்க்கே உரியது. ஆற்றல் ஒத்திருப்ப வேறுபடுவது அறமே என்று கம்பர் இதனாற் காட்டுகின்றார்.

அயன்படையை விடுப்பதற்கு இந்திரசித்து வேள்வி செய்தல் வேண்டும். வேள்விக்குக் காலம் வேண்டும். அக்காலத்தை அவனுக்கு ஈட்டித் தருவோர் யாவர்? மகோதரனும் அவனொடு சென்ற அரக்கர் சேனையுமே. மகோதரன் மாயத்தால் இந்திரன் வடிவு கொண்டு யானைமேல் வந்து பொருகின்றான். தேவரும் நம்மொடு பொருவது ஏன் என்று இலக்குவன் திகைத்து நிற்கும் பொழுதில், வானிலிருந்து அயன்படை வருகின்றது. காண்டத்திலேயே பெரிதான மாயச் செயலின் அடியில், உயிர்கொடுத்துக் காலம் ஈட்டிய காலாட்படை இருப்பதனைக் கம்பர் மறைக்கவில்லை. படிப்பார் விரைந்து செல்லுதலால் அது மறைகின்றது.

அப்பொழுதில் இராமனும் வீடணனும் களத்தில் இல்லாமைக்குக் கம்பர் காட்டும் காரணங்களும் பொருள் பொதிந்தவை. இராமன் தெய்வப் படைக்கலங்களுக்குப் பூசை ஆற்றச் சென்றிருந்தான்; வீடணன் சேனைக்கு உணவு கொணரச் சென்றிருந்தான். படைக்கலப் பூசையையும் சேனையின் உணவையும் ஒரே தட்டில் வைத்த இவ்வமைப்பு, படை என்பது உண்டு உறங்கும் மக்கட் கூட்டம் என்னும் நினைவு புலவர்க்கு எக்காலும் இருந்தமையைக் காட்டும். உணவு தேடச் சென்றவனே மீண்டு வந்து, இருளில் கொள்ளி ஏந்திக் களத்தில் தேடி அனுமனைத் தெளிவிக்கின்றான். இருவரும் சாம்பவனைக் கண்டு மருத்துமலைக்கு வழி அறிகின்றனர். மாயம் வீழ்த்திய படையை எழுப்பியது அப்படையிற் பிழைத்தவர் தம்முள் கொண்ட தொடர்பே.

மலை வந்ததும் மருந்தின் காற்றால் வானரர் யாவரும் எழுந்தனர். அரக்கர் எழுந்திலர். இறந்த அரக்கர் உடல்களை இராவணன் முன்னரே கடலில் எறிவித்திருந்தமையே அதற்குக் காரணம். தன் படையின் இழப்புப் பிறர்க்குத் தெரியலாகாது என்று எண்ணிய அரசன், அப்படை மீளும் வழியையும் தானே அடைத்துக்கொண்டான். மாயவலியை நம்பினான் ஒருவன் தன் வீரரை எவ்வாறு மதித்தான் என்பதற்கு இதனினும் கடிய சான்று வேண்டா. இவ்விரு படைகளின் வேறுபாடு எண்ணிக்கையில் இல்லை. வீழ்ந்தாரைத் தேடுவார் உண்டோ இல்லையோ என்பதில் உள்ளது.

6. நிகும்பலை

இந்திரசித்தின் இறுதி முயற்சியே எம் கருத்திற்குத் தலையாய சான்று. மாயாசீதையை அனுமன் கண்முன் வெட்டி, அயோத்திக்குச் செல்வான் போலப் போக்குக் காட்டி, அவன் நிகும்பலை புகுந்து வேள்வி தொடங்குகின்றான். மூவகை ஆற்றலுள் முதல்வகையாகிய பொய்த்தோற்றம் இங்கே மூன்றாம் வகைக்கு ஏவல் செய்கின்றது. மாயாசீதையின் பயன் எதிரியை அழவைத்து, அவ்வழுகைப் பொழுதில் வேள்வியை முடித்தல். இங்கும் வேண்டப்படுவது காலமே. வீடணன் வண்டுருக் கொண்டு சென்று சீதை உயிரோடிருத்தலைக் கண்டு மீண்டதும், பொய்த்தோற்றத்தின் ஆற்றல் அற்றுப் போகின்றது. எஞ்சியது காலத்தோடு பொரும் போர்.

அரக்கர் சேனை அரணாகச் சூழ்ந்து நிற்ப, நடுவில் வேள்வி நிகழ்கின்றது. இலக்குவனும் வானரத் தானையும் அவ்வரணைத் தாக்குகின்றனர். அரண் உடைந்தது, வேள்வி குலைந்தது. வான்மீகத்தில், தன் சேனை படும் துயர் கேட்டு வேள்வி முடியுமுன்னரே இந்திரசித்து எழுகின்றான். இரு நூலிலும் உண்மை ஒன்றே: வேள்வியை வென்றது எதிர்வேள்வி அன்று, சூழ்ந்து நின்ற சேனையை உடைத்த சேனை. அதுவரை வானில் மறைந்து நின்று பொருதவன் மண்ணில் வெளிப்பட நேர்ந்ததும் அதனாலேயே.

இதன்பின் இந்திரசித்து தந்தையிடம் சென்று, தன் தெய்வப் படைக்கலங்கள் பயன்படாமற் போனமையை எடுத்துரைத்து, சீதையின்பால் வைத்த ஆசையை விடுமாறு கூறுகின்றான். மாயத்தின் எல்லையை நேரிற் கண்டவன் அவனே ஆதலின், அதனைச் சொல்லும் உரிமையும் அவனுக்கே உண்டு. இராவணன் விடையோ, பிறரை நம்பி இப்பகையைத் தேடினேன் அல்லேன், என்னை நம்பியே தேடினேன் என்பது. இவ்விடையின் பெருமிதத்தை வியப்பார் பலர். இதுகாறும் களத்தில் மாய்ந்த சேனை முழுதும் ஒரு கணத்தில் அவ்விடையினின்று நீங்கி விட்டதனையும் உடன் வியத்தல் வேண்டும்.

7. ஒரு தடையும் விடையும்

இதற்கு ஒரு தடை எழும். மூலபல வதைப் படலத்தில், எண்ணற்ற அரக்கர் சேனையை இராமன் தனியனாய் நின்று அழிக்கின்றான்; வானரரோ அச்சேனையைக் கண்ட அளவிலேயே அஞ்சி ஓடுகின்றனர். ஒருவன் முன் படை பயனற்றது என்பதற்கு இதுவே சான்றாகாதோ என்பர்.

தடை வலியுடையதே. வான்மீகத்தில் காந்தருவப் படைக்கலத்தால் ஓர் இராமனே பல இராமராய் அரக்கர்க்குத் தோன்றுகின்றான் என்பதனால் அது மேலும் வலிபெறும். ஆயினும் இரண்டு செய்திகளை மறத்தலாகாது. ஒன்று, இராமன் மறைந்து நின்று பொருதானில்லை. களத்தின் நடுவே, எவரும் எய்யத்தக்க இடத்தில் நிற்கின்றான். மற்றொன்று, அவன் அங்கே பொருத பொழுதில் இராவணன் மறுபுறத்தே வானர சேனைமேற் செல்கின்றான். அதனைக் காத்தவர் இலக்குவனும் அனுமன் முதலியோருமே. வீடணன்மேல் எறிந்த வேலை இலக்குவன் தன் மார்பில் ஏற்றதும் அப்போதே. ஒருவன் எத்துணை வலியனாயினும் ஓரிடத்தான். படை ஈரிடத்தும் நிற்கவல்லது. தனியாற்றலின் உச்சத்தைப் பாடும் இடத்திலும் இவ்வுண்மையைக் கம்பர் அடுத்த படலத்தாற் சமன் செய்து விடுகின்றார்.

முன்னர்க் குறித்த விளையாட்டு மந்திரவாதியின் ஆற்றலை எண்ணிக்கையால் அடக்கியது. ஒருமுறை சொல்லிய மந்திரம் நினைவினின்று நீங்கும், மீண்டும் பயின்றாலன்றி வாராது என்ற விதி, ஜாக் வான்ஸ் 1950இல் வெளியிட்ட கதைகளிலிருந்து அதற்கு வந்தது. விதி நன்று, ஆயின் அது மந்திரத்தின் அளவைக் குறைக்குமேயன்றி, படைக்கு ஒரு பணியைத் தாராது. கம்பரின் வரம்புகளோ வேள்வி, காலம், மறைவு, அறம் என்பன. அவை ஒவ்வொன்றும் படைக்கு ஒரு கடமையை வகுக்கின்றன.

8. முடிவுரை

கடலைக் கடத்தல் இக்காண்டத்தில் ஈரிடத்து நினைக்கப்படுகின்றது. அனுமன் அதனை ஒரு தாவலிற் கடந்தவன். இலங்கையை எரித்தும் மீண்டவன். ஆயினும் சீதை அவனொடு வர இசைந்திலள், போரும் முடிந்திலது. வானரர் கல்லும் மரமும் சுமந்து அணை கட்டினர். வான்மீகம் அவ்வேலையை நாட்கணக்கிட்டுக் கூறும்: முதல்நாள் 14 யோசனை, பின்னர் 20, 21, 22, 23, ஐந்து நாளில் நூறு யோசனை. தனியாற்றல் ஒருவனைக் கரை சேர்த்தது. பலர் உழைப்பு அனைவரையும் கரை சேர்த்தது.

ஆகவே, யுத்த காண்டத்தில் படை மரபு பற்றி வந்த அலங்காரம் அன்று. மாயத்திற்குக் காலம் ஈட்டித் தருவதும், அக்காலத்தைப் பறிப்பதும், தலைவன் இல்லா இடத்தில் நிற்பதும், வீழ்ந்தாரைத் தேடி எழுப்புவதும் படையின் தொழில்களாகக் காப்பியத்தில் அமைந்துள்ளன. இந்திரசித்தின் பெருமையை உணர விரும்புவாரும் அவனுக்காகக் காலம் ஈட்டி மாய்ந்த பெயரிலா அரக்கரை உடன் எண்ணுதல் வேண்டும். அவர் உடல்கள் கடலில் எறியப்பெற்றன. அவரைப் பாடிய பாடல்களையும் நாம் எறிந்து விடாதிருப்போமாக. அணிவகுப்புப் படலம் முதலாக அப்பகுதிகளை விடாது பயிலும் மாணவர்க்குக் கம்பரின் போர்நூல் முழுதும் புலனாகும் என்பது எம் துணிபு.